வரி ரசீதில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர்

எங்கள் ஊரில் வீட்டு வரி ரசீதை லேமினேட் செய்து பீரோவில் வைத்திருக்காத வீடு குறைவு. பத்திரம் எங்கே என்று கேட்டால் "பரண்ல கிடக்கும், தேடிப் பாக்கணும்" என்பார்கள். பட்டா என்றால் "அதெல்லாம் அப்பா காலத்துலயே ஆயாச்சு" என்று முடித்துவிடுவார்கள். ரசீது மட்டும் எப்போதும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும். ரேஷன் கார்டு, கேஸ் இணைப்பு, மின் இணைப்பு எல்லாவற்றுக்கும் அதைத்தான் நீட்டியிருக்கிறோம், எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். அப்படி நீட்டி நீட்டியே, வீடு யாருடையது என்பதற்கு அதுதான் சாட்சி என்று ஒரு நம்பிக்கை வந்துவிட்டது.

அப்பா போன பிறகு, வீட்டின் பின்கட்டை இடித்துக் கட்ட வங்கிக் கடன் வாங்கலாம் என்று தம்பி கிளம்பினான். வங்கியின் வக்கீலுக்கு ரசீதில் அக்கறையே இல்லை. ஒரு பார்வை பார்த்துவிட்டு ஓரமாக வைத்தார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று என்று வரிசையாகக் கேட்டார். எல்லாம் சேர்ந்தபோது மேசையில் மூன்று தாள்களில் மூன்று பெயர்கள். வரி ரசீது அப்பா பெயரில். 1962-இல் எழுதிய கிரயப் பத்திரம் ஆச்சி பெயரில். நத்தம் (ஊர் குடியிருப்பு நிலம்) பட்டா தாத்தாவின் அண்ணன், அதாவது எங்கள் பெரிய தாத்தா பெயரில். வீடு ஒன்றுதான்.

"இதுல யாருது வீடு?" என்று தம்பி கேட்டதற்கு வக்கீல் சொன்ன பதில் எரிச்சலாக இருந்தாலும் சரியானது: "இந்த மூணும் மூணு வேற கேள்விக்குப் பதில், தம்பி. நீங்க கேக்குற கேள்விக்கு நேரடியா பதில் சொல்ற தாள் நம்ம நாட்டுல கிடையாது."

அதற்குப் பிறகு அந்த மூன்று கேள்விகளையும் பிரித்துப் பார்ப்பதே எனக்கு வேலையாகிவிட்டது. இந்தக் கட்டுரை அதன் விளைவு.

பட்டாவிலிருந்து தொடங்குகிறேன், பெரிய மயக்கம் அங்கேதான் இருக்கிறது. பட்டா என்றால் உரிமைப் பத்திரம் என்றே பெரும்பாலானோர் நினைக்கிறோம். அது பிறந்த கதை வேறு. 1792-க்குப் பிறகு பாராமகாலில், அதாவது இன்றைய சேலம், தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம், அலெக்சாண்டர் ரீடும் அவருக்குக் கீழே இருந்த தாமஸ் மன்றோவும் நிலத்தை அளந்து, ஒவ்வொரு குடியானவரிடமும் நேரடியாகத் தீர்வை வசூலிக்கும் ரயத்வாரி முறைக்கு வழி போட்டார்கள். (சென்னைத் தீவுத்திடலுக்குப் பக்கத்தில் குதிரைமேல் உட்கார்ந்திருக்கிறாரே, அதே மன்றோதான்; பின்னாளில் 1820 முதல் 1827 வரை சென்னை மாகாண கவர்னர்.) அந்த முறையில் குடியானவருக்குக் கொடுத்த சீட்டுதான் பட்டா. இன்ன சர்வே எண்ணில் இவ்வளவு நிலம், இவ்வளவு தீர்வை, கட்ட வேண்டியவர் இன்னார். சர்க்காருக்குத் தெரிய வேண்டியிருந்தது யாரிடம் வசூலிப்பது என்பதுதான். நிலம் அவருக்கு எப்படி வந்தது, கூடப் பிறந்தவர்களுக்குப் பங்கு உண்டா என்பதெல்லாம் அதன் கவலை இல்லை.

அந்தப் பழைய ரத்தம் இன்னும் ஓடுகிறது. வருவாய்த்துறையின் கணக்குகள் இன்றும் பசலி ஆண்டில்தான். ஜூலை 1-இல் தொடங்கி ஜூன் 30-இல் முடியும். 2024 ஜூலையில் தொடங்கியது பசலி 1434. ஆண்டுதோறும் கணக்கு முடிக்க நடக்கும் ஜமாபந்தி, அடிப்படையில் வசூல் கணக்கைத் தணிக்கை செய்வதற்கு ஏற்பட்டது. நாம்தான் அதை மனு கொடுக்கும் திருவிழாவாகப் பார்க்கிறோம். பட்டாவில் பெயர் ஏறிவிட்டால் மட்டும் உரிமை பிறப்பதில்லை, பெயர் நீங்கிவிட்டால் உரிமை செத்துப்போவதும் இல்லை என்று உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளில் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. தமிழ்நாடு பட்டா பாஸ் புத்தகச் சட்டம் 1983-இன்படி தாசில்தார் பெயர் மாற்றலாம், மேல்முறையீட்டைக் கோட்டாட்சியர் கேட்கலாம். ஆனால் உரிமை யாருக்கு என்றே தகராறு வந்துவிட்டால் அவர்களால் தீர்க்க முடியாது. சிவில் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.

இதற்கு நல்ல அத்தாட்சி நத்தம். ஊர் குடியிருக்கும் இடம் என்பதால் நத்தத்துக்கு நிலத்தீர்வை கிடையாது. தீர்வை இல்லாததால் பட்டாவும் கிடையாது. தலைமுறை தலைமுறையாக ஜனங்கள் வீடு கட்டி, பிள்ளை பெற்று, விற்று வாங்கி வாழ்ந்த தெருக்கள் வருவாய்க் கணக்கில் ஒரே சர்வே எண்ணாக, 'நத்தம்' என்ற ஒற்றைச் சொல்லாகக் கிடந்தன. 1980-களின் பிற்பகுதியிலும் 90-களிலும்தான் நத்தம் நில அளவை நடந்து, முதலில் தற்காலிகமாகத் தோராயப் பட்டா, பிறகு இறுதியாகத் தூய பட்டா என்று கொடுத்தார்கள். எங்கள் தெருவுக்கு அளவையாட்கள் வந்தபோது ஆச்சி கோயிலுக்கோ குளத்துக்கோ போயிருப்பாள். திண்ணையில் இருந்தவர் பெரிய தாத்தா. வீட்டில் மூத்த ஆண். கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லியிருப்பார். பெயர் ஏறிவிட்டது. அவர் ஏமாற்றினார் என்று யாரும் சொல்லவில்லை, அப்படி ஒரு தாள் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்குமா என்பதும் சந்தேகம்.

வயல்காட்டுக்காரர்களுக்கு இதே கதை யு.டி.ஆர். என்ற பெயரில் தெரியும். 1979-இல் தொடங்கி 1987 வாக்கில் முடிந்த நிலவுடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டம் அது. ஏக்கர், சென்ட் எல்லாம் ஹெக்டேர், ஏர் ஆனது. உட்பிரிவுகள் புதிதாக விழுந்தன. கூட்டாக இருந்த நாலு பெயரில் ஒன்று நின்று மூன்று உதிர்ந்தது. அதே காலத்தில்தான், 1980-இல், பரம்பரையாகக் கணக்கு எழுதிவந்த கர்ணம், மணியக்காரர் பதவிகள் ஒழிக்கப்பட்டு கிராம நிர்வாக அலுவலர்கள் (வி.ஏ.ஓ.க்கள்) வந்தார்கள். கர்ணங்களின் அட்டகாசம் ஊரறிந்தது. போனதில் எனக்கு வருத்தமில்லை. ஆனால் எந்த வரப்பு யாருடையது என்பதைத் தலைக்குள் வைத்திருந்த ஆட்களும் அவர்களே. யு.டி.ஆரில் விழுந்த தவற்றைத் திருத்த இன்றும் மாவட்ட வருவாய் அலுவலர் வரை மனு போகிறது. அதற்கு முந்தைய செட்டில்மென்ட் பதிவேட்டின் (பழைய தீர்வை நிர்ணயக் கணக்கு) நகலையும் பழைய 'அ' பதிவேட்டையும் (கிராமத்தின் சர்வே எண் வாரியான நிலக் கணக்கு) எடுத்து வைத்துக்கொண்டு, 'முன்பு இப்படி இருந்தது, இடையில் எந்த ஆவணமும் இல்லாமல் மாறியிருக்கிறது' என்று காட்ட வேண்டும்.

பட்டா, சிட்டா (ஒருவர் பெயரிலுள்ள நிலங்களின் பட்டியல்), 'அ' பதிவேடு, புலப்படம் (நிலத்தின் அளவு வரைபடம்) எல்லாம் இணையத்தில் வந்ததை நான் குறைசொல்லவில்லை. தாலுகா ஆபீஸ் வாசலில் காத்துக்கிடந்த காலத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் கணினியில் ஏறியது அந்தப் பழைய பதிவேடுதான். அதிலிருந்த தவறான பெயர் இப்போது கியூ.ஆர். குறியீட்டோடு அச்சாகி வருகிறது, அவ்வளவே.

சரி, பத்திரம். இது வேறு குலம். அரசாங்கத்துக்கும் நமக்கும் இடையிலானது அல்ல. விற்றவருக்கும் வாங்கியவருக்கும் இடையிலானது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தை விற்றால் பதிவு செய்தே தீர வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டமும் 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டமும் சொல்வது. அந்த நூறு ரூபாய் மட்டும் இன்னும் நூறாகவே இருக்கிறது. சார்பதிவாளர் பதிவது ஆவணத்தை, உரிமையை அல்ல. இன்னார் இன்னாருக்கு இப்படி எழுதிக்கொடுத்தார், என் முன்னால் வந்து ஒப்புக்கொண்டார் என்பதற்கு மேல் அவர் கையெழுத்துக்குப் பொருளில்லை. முந்தைய மூலப்பத்திரத்தைக் காட்டினால்தான் பதிவேன் என்று தமிழ்நாட்டில் கொண்டுவந்த 55-ஏ விதியை 2025 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தபோது சொன்ன காரணமும் இதுதான்: விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று பார்ப்பது பதிவு அலுவலரின் வேலையே அல்ல. 7 சதவீதம் முத்திரைத் தீர்வையும் 2 சதவீதம் பதிவுக் கட்டணமும் கட்டி வெளியே வருகிறவருக்கு இது தெரிந்தால் கொஞ்சம் வயிற்றைக் கலக்கும்.

ஆச்சியின் பத்திரத்தை முழுதாகப் படித்தேன். பழுப்பேறி, மடிப்பில் எல்லாம் கிழிந்து, யாரோ பின்பக்கம் பசை தடவி ஒட்டியிருந்தார்கள். (லேமினேட் செய்யவில்லை, தப்பித்தோம். பழைய பத்திரத்தை லேமினேட் செய்துகொண்டு வந்தால் வக்கீல்கள் முகம் போகும் போக்கைப் பார்க்க வேண்டும். தாளின் பழமை, மை, முத்திரை எதையும் தொட்டுப் பார்த்துச் சோதிக்க முடியாமல் போய்விடுமே.) மை மங்கிய கையெழுத்தில் 'சுத்தக் கிரய சாசனம்' என்று தொடங்கி, கிரயத்தொகை ரொக்கமாகப் பற்றிக்கொண்டது, இன்று முதல் சர்வ சுதந்திர பாத்தியமாய் ஆண்டு அனுபவித்துக்கொள்ள வேண்டியது என்று போகிறது. கடைசியில் சொத்து விவரம். அதைத்தான் எல்லோரும் தாண்டிவிடுகிறோம், முக்கியமே அங்கேதான்.

சர்வே எண் இல்லை. நத்தத்துக்கு உட்பிரிவு எண் அப்போது ஏது? நான்கு எல்லை மட்டும். "தெருவுக்கு வடக்கு, இன்னார் வீட்டுக்குக் கிழக்கு, பொதுச் சந்துக்கு மேற்கு, இன்னார் தொழுவுக்குத் தெற்கு, இதற்குள்பட்ட தென்வடல் இவ்வளவு, கிழமேல் இவ்வளவு." தம்பி படித்துவிட்டு, "தெரு நமக்குத் தெக்க இருக்கு, பத்திரத்துல வடக்குன்னு போட்டிருக்கே, வேற வீட்டுப் பத்திரமோ?" என்று பதறினான். தெரு வடக்கே இருக்கிறது என்று அது சொல்லவில்லை. தெருவுக்கு வடக்கே நம் மனை இருக்கிறது என்கிறது. நான்கு எல்லையையும் அப்படித்தான் திருப்பிப் படிக்க வேண்டும். புதுப் பத்திரங்களில் சிலர் 'வடக்கில்: சாலை' என்று நேராக எழுதிவிடுகிறார்கள், ஒரே சொத்தின் பழைய பத்திரமும் புதிய பத்திரமும் எதிரும் புதிருமாகத் தெரிவதற்குப் பாதிக் காரணம் இது. மீதிப் பாதி, எல்லையில் சொன்ன இன்னார் செத்து, அவர் பேரன் விற்று, அந்த வீடு இப்போது செல்போன் கடையாகி நிற்பது.

வில்லங்கச் சான்று இந்தப் பத்திரங்களின் வரிசையைக் காட்டும் பட்டியல். பதிவுத்துறை இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம், ஆனால் பல அலுவலகங்களுக்கு 1975-க்குப் பிந்தைய பதிவுகள்தான் கணினியில் கிடைக்கின்றன. அதற்கு முந்தையதற்கு மனுப் போட்டு, பழைய அட்டவணைப் புத்தகங்களைப் புரட்டச் சொல்ல வேண்டும். வில்லங்கம் இல்லை என்று வந்தால் பிரச்சினை இல்லை என்று அர்த்தமில்லை. பதிவான பரிவர்த்தனை எதுவும் இல்லை என்றுதான் அர்த்தம். பதியாத உயில் அதில் வராது. பதிந்த உயிலும் வேறு புத்தகத்தில் ஏறுவதால் அதில் வராது. வாய்மொழிப் பாகப்பிரிவினை வராது. ஒருவர் செத்ததால் வாரிசுகளுக்கு வந்த பங்கு வராது. எங்கள் விஷயத்தில் வில்லங்கம் பளிங்குபோல் சுத்தமாக இருந்தது. சிக்கல் முழுவதும் அதில் வராத விஷயத்தில்.

கடைசியாகச் சொத்து வரி. இதைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமல்ல. உள்ளாட்சிக்கு வரும் சொந்த வருமானத்தில் பெரிய கை இது. தெருவிளக்கும் குப்பை வண்டியும் இதில்தான் ஓடுகின்றன. நகர்ப்புறத்தில் அரையாண்டுக்கு ஒருமுறை, ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச். அரையாண்டு தொடங்கிய முதல் மாதத்துக்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, 5,000 ரூபாய் உச்சவரம்பு. கணக்கு, கட்டடத்தின் பரப்பு, அது இருக்கும் தெரு, குடியிருப்பா கடையா என்பதை வைத்து. சென்னையில் 1998-க்குப் பிறகும் மற்ற ஊர்களில் 2008-க்குப் பிறகும் பொதுச் சீராய்வே செய்யாமல் வைத்திருந்து, 2022-இல் ஒரே போடாகப் போட்டார்கள். மற்ற ஊர்களில் 600 சதுர அடிக்குள் இருக்கும் வீட்டுக்கு 25 சதவீத உயர்வு, 1,800-ஐத் தாண்டியதற்கு 100 சதவீதம். பழைய சென்னை மாநகராட்சிப் பகுதியில் 50-இல் தொடங்கி 150 வரை. ஏறியது அநியாயம் என்று அன்றைக்குக் கத்தினோம். பதினான்கு வருஷம் ஏறாமல் இருந்ததை யாரும் நியாயமா என்று கேட்கவில்லை என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் வரி விதிப்புப் பதிவேட்டில் யார் பெயர் ஏறுகிறது? வருகிறவர் கண்ணில் கட்டடம் படுகிறது, உள்ளே இருப்பவர் பெயர் ஏறுகிறது. புறம்போக்கில் கட்டிய வீட்டுக்கும் வரி போட்டு ரசீது கொடுப்பார்கள். அதனால் புறம்போக்கு பட்டா நிலம் ஆகிவிடாது. எங்கள் அப்பா மாடி எடுத்தபோது பேரூராட்சி ஆள் வந்து அளந்துவிட்டு, "யாரு பேர்ல சார் போடணும்?" என்று கேட்டாராம். மாடி கட்டினவர் பெயரைச் சொல்லாமல் வேறு யாரைச் சொல்வார்? அன்றிலிருந்து வீடு எங்கள் மனதில் அப்பாவுடையதாகிவிட்டது.

ரசீது ஒன்றுக்கும் உதவாத தாள் என்றும் சொல்ல முடியாது. யார் அனுபவத்தில் சொத்து இருந்தது என்பதற்குத் தொடர்ச்சியான ரசீதுகள் கோர்ட்டில் நல்ல துணைச் சான்று. குறிப்பாகப் பட்டாவே இல்லாத நத்தத்து வீடுகளில் பல குடும்பங்களுக்கு அதைவிட்டால் வேறு தாளே கிடையாது. இன்னொரு பக்கமும் உண்டு, வாங்குகிறவர்கள் கவனிக்க வேண்டியது. வரி பாக்கி ஆளைத் தொடர்வதில்லை, கட்டடத்தைத் தொடர்கிறது. சொத்தின் மீதான முதல் பொறுப்பு என்று சட்டத்திலேயே இருக்கிறது. என் சிநேகிதி ஒருத்தி பழைய ஃபிளாட் வாங்கினாள். பத்திரம், வில்லங்கம் எல்லாம் பிரமாதம். பெயர் மாற்றப் போனபோதுதான், முந்தைய உரிமையாளர் பல வருஷமாக வரியே கட்டவில்லை என்பதும், வராந்தாவை மூடி அறையாக்கிய பரப்பு கணக்கிலேயே இல்லை என்பதும் தெரிந்தது. விற்றவர் போனை எடுக்கவில்லை. அவள்தான் கட்டினாள்.

எங்கள் வீட்டுக்கு வருகிறேன். பத்திரம் ஆச்சி பெயரில். ஆச்சி உயில் எழுதவில்லை. தாத்தா அவளுக்கு முன்பே போய்விட்டார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி ஒரு பெண்ணின் சொத்து முதலில் மகன், மகள், கணவருக்குச் சமமாகப் போகும். அப்பாவும் இரண்டு அத்தைமாரும், ஆளுக்கு மூன்றில் ஒன்று. அப்பாவின் மூன்றில் ஒன்று அம்மா, தம்பி, எனக்கு. ஆக, அப்பா கட்டிய வரி, அப்பா எடுத்த மாடி எல்லாம் போக, எங்கள் 'அப்பா வீட்டில்' எனக்கு ஒன்பதில் ஒரு பங்கு. மதுரையில் இருக்கும் சின்ன அத்தைக்கு ஒன்பதில் மூன்று.

குடும்பத்தில் ஒருவர், "89-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குப் பங்கு கிடையாதே" என்று உடனே கிளம்பினார். தமிழ்நாடு முழுக்க இந்த அரைகுறைச் சட்டம் உலவுகிறது. 1989 மார்ச் 25-க்குள் மணமாகியிருந்தால் கிடையாது என்று தமிழ்நாட்டுச் சட்டத்திருத்தம் சொன்னது, மகன்களோடு சேர்ந்து பிறப்பால் வரும் பூர்வீகக் கூட்டுக்குடும்பச் சொத்துப் பற்றி. அதுவும் 2005 மத்தியச் சட்டத்திருத்தத்தோடும் 2020 உச்ச நீதிமன்றத் தீர்ப்போடும் பெரும்பாலும் அடிபட்டுப் போயிற்று. ஆச்சி சொந்தப் பெயரில் கிரயம் வாங்கிய வீட்டுக்கும் அதற்கும் எந்தக் காலத்திலும் சம்பந்தமில்லை.

பெரிய அத்தை, "எனக்கென்னத்துக்குடா, எங்க கையெழுத்து போடணும்" என்றாள். சின்ன அத்தை தம்பியிடம் பேசவில்லை, எனக்குப் போன் செய்தாள். "ஏட்டி, ஒங்கப்பன் இருந்தவரைக்கும் நான் வாயைத் தொறந்தேனா? இப்ப நீங்க கடன் வாங்கணும்னு வரும்போதுதான எனக்குப் பங்கு இருக்குன்னே ஒங்களுக்குத் தெரியுது?" என்று கேட்டாள். அவள் சொன்னதில் ஒரு எழுத்தை என்னால் மறுக்க முடியவில்லை. தம்பிக்குக் கோபம். வரி கட்டினது அப்பா, வெள்ளையடித்தது அப்பா என்று ரசீதுகளை எல்லாம் எடுத்து அடுக்கினான். கூட்டுச் சொத்தில் ஒருவர் இருந்து வரி கட்டினால், அது எல்லோருக்குமாகக் கட்டியதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள் என்று வக்கீல் சொன்னதும் அடங்கினான்.

மலேசியாவில் இருக்கும் எங்கள் மாமா வீட்டுக்காரர்களுக்கு இந்தக் கதை புரியவே இல்லை. அங்கே டோரன்ஸ் முறை. 1858-இல் தென் ஆஸ்திரேலியாவில் தொடங்கியது. அரசுப் பதிவேட்டில் யார் பெயரோ அவர்தான் உரிமையாளர். உரிமைக்குப் பதிவேடே ஆதாரம். 'கிராண்ட்' (அங்கத்திய உரிமைத் தாள்) யார் கையில் என்று மட்டும் கேட்கிறார்கள். இங்கேயும் அப்படிக் கொண்டுவர வேண்டும் என்ற பேச்சு பல வருஷமாக இருக்கிறது, ராஜஸ்தானில் நகர்ப்புறத்துக்கு 2016-இல் சட்டமும் வந்தது. வந்தால் நல்லதுதான். ஆனால் நத்தத்தில் பெரிய தாத்தா பெயர் ஏறியதுபோல் ஏறியதை எல்லாம் திருத்தாமல் அப்படியே 'இதுவே இறுதி' என்று முத்திரை குத்திவிட்டால் எத்தனை ஆச்சிகளின் வீடு போகும் என்பதையும் நினைக்கிறேன்.

சின்ன அத்தைக்கு வழிகாட்டி மதிப்பில் (அரசு நிர்ணயித்த நில மதிப்பு) பங்கு கணக்கிட்டு ஒரு தொகை பேசி, இரண்டு தவணையில் கொடுத்தோம். இரண்டு அத்தைமாரும் தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்தார்கள். குடும்பத்தாருக்குள் எழுதும் விடுதலைக்கு முத்திரைத் தீர்வை குறைவு, யார் யார் குடும்பம் என்பதற்குச் சட்டத்தில் வரையறை இருக்கிறது. பத்திர எழுத்தர் அண்ணாச்சி அதைப் பார்த்துத்தான் வாசகமே எழுதினார். வரி விதிப்பு இப்போது அம்மா, தம்பி, நான் மூவர் பெயரில். பட்டா இன்னும் பெரிய தாத்தா பெயரில்தான் இருக்கிறது. அவருடைய பேரன் ஓசூரிலிருந்து வந்து ஆட்சேபனை இல்லை என்று தாசில்தார் முன் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனான். அவனுடைய தங்கையின் கையெழுத்தும் வேண்டும் என்று கோப்பைத் திருப்பியிருக்கிறார்கள். அவள் தீபாவளிக்கு வருகிறாள்.